100ஐக் கொடுத்து 150 எடுக்கும்போது: மலையக வீதிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொட்டகலையில் இருந்து இரண்டு பேர் ஏறி நுவரெலியாவுக்குப் போகும்போது 100 சிசி பைக் இரண்டாம் கியரில் முக்கத் தொடங்கினால், அடுத்த கிழமையே 200 சிசி விலை விசாரிப்பவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள். மலைப் பாதைக்கு வேண்டியது இழுவை. அதைவிட முக்கியம் பிரேக். இரண்டையும்விட முக்கியம் உங்கள் பெயருக்கு மாறிய பேப்பர். கைமாற்றத்தில் ஏமாந்தவர்களில் அநேகர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பார்த்தவர்கள்தான்.

முதலில் கையில் உள்ள பைக்

பைக் இழுக்காமல் போவதற்கு இஞ்சின் சிறிதாக இருப்பது மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபுரேட்டருக்கு இது தெரியாது. கீழ்நாட்டுக்கு அளந்து வைத்த ஜெட், அதாவது பெட்ரோல் வரும் துளை, மேலேயும் கிட்டத்தட்ட அதே பெட்ரோலை ஊற்றும், காற்றோ போதாது, கலவை தடித்துவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முனையில் அடுப்புக்கரி போலக் காய்ந்த கறுப்புப் பொடி இருந்தால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. வெளிர் மண்ணிறம் என்றால் கலவை சரி. எண்ணெய்ப் பசையோடு மினுங்கும் கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்து ஒயில் உள்ளே போகிறது. காய்ந்த கரி என்றால் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், நுவரெலியா, கந்தப்பளை, இராகலை என்று மேலேயே ஓடும் பைக்குக்கு மெயின் ஜெட்டை ஒரு படி குறைக்கலாம். அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவர்கள் இதில் கை வைக்கக்கூடாது. கீழே போனதும் கலவை மெலிந்து இஞ்சின் கண்டபடி சூடாகும்.

அடுத்தது ஸ்பொக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். முன்னுக்கு 15 பல், பின்னுக்கு 45 பல் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 3.00. முன்னுக்கு ஒரு பல் குறைத்து 14 போட்டால் 3.21 ஆகும். பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை 7 சதவீதம் கூடும், உச்ச வேகம் அந்த அளவுக்குக் குறையும். மஸ்கெலியா பாதையில் உச்ச வேகத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம்? கிளச் வழுக்குகிறதா, பின் பிரேக் லைனிங் ட்ரம்மில் உரசிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் மாற்றுவது நியாயம்.

எவ்வளவு பலம் போதும்?

100 மீட்டர் தூரத்துக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம், இரண்டு பேர் சேர்ந்து 140 கிலோ என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 110 கிலோ எடையுள்ள 100 சிசி பைக் அந்த ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்கப் பின்சக்கரத்தில் 4 முதல் 4.5 குதிரைவலு வேண்டும். 60இல் போக ஏறத்தாழ 7.5 வேண்டும். பேப்பரில் 8 குதிரைவலு காட்டும் 100 சிசி இஞ்சினில், உயரத்துக்கும் செயின், கியர் உராய்வுக்கும் கழித்தால் நுவரெலியாவில் சக்கரத்துக்கு வருவது 5.5தான், அதுவும் இஞ்சினை முழுதாக முறுக்கினால். 40இல் ஏறும், 60 கனவு.

14 குதிரைவலு உள்ள 150 சிசியில் அதே கழிவுகள் போக 9.8 மிஞ்சும். பைக்கின் எடை 145 கிலோவாகக் கூடினாலும் 60இல் ஏற 8.2 போதும். றம்பொடை, புசல்லாவை வளைவுகளில் 60க்கு மேல் போக இடமும் இல்லை. ஆகவே தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஓடுபவருக்கு 150, 160 சிசி தாராளம். கிழமைக்கொரு தரம் கொழும்புக்குப் போகிறவர், எப்போதும் பாரம் ஏற்றுகிறவர் 200 பற்றி யோசிக்கலாம்.

சிசியைவிட இழுவை எந்தச் சுழற்சியில் வருகிறது என்று பாருங்கள். யமஹா எஃப்இசட் மூன்றாம் பதிப்பு 13.3 நியூட்டன் மீட்டர் உச்ச இழுவையை நிமிடத்துக்கு 5,500 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். பல்சர் 150 ஏறக்குறைய அதே இழுவையை 6,500 அளவில் கொடுக்கும். ஆர்15 மூன்றாம் பதிப்பு 19 குதிரைவலுவுக்கு மேல் என்றாலும் அதன் உச்ச இழுவை 8,500இல்தான் வரும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வரும்போது இஞ்சின் 8,500இல் சுற்றாது. ஆர்15ஐக் குறை சொல்லவில்லை, அது வேறு வேலைக்குச் செய்த பைக். பின்னால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு ஏறுவதற்கு எஃப்இசட், ஜிக்ஸர், பல்சர், அப்பாச்சி 160 வகைகள் பொருத்தம்.

பெட்ரோல் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், லீட்டருக்கு 60 கொடுக்கும் 100 சிசிக்கு 17 லீட்டர், 40 கொடுக்கும் 150க்கு 25 லீட்டர், 33 கொடுக்கும் 200க்கு 30 லீட்டர்.

லைசன்ஸ்

சாரதி அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசிக்கு மேற்படாத பைக்குக்கு மட்டும். அதற்கு மேல் ஓட ஏ வகுப்பு வேண்டும். ஏ1 மட்டும் உள்ளவர் 150இல் விபத்தில் மாட்டினால், பொலிஸ் வழக்கு ஒருபக்கம், காப்புறுதிக் கம்பனி கைவிரிப்பது மறுபக்கம். வகுப்பைக் கூட்டிக்கொண்ட பிறகே பைக்குக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

பழைய பைக்கைத் தயார் செய்தல்

பெரிய வேலை எதுவும் செய்ய வேண்டாம். விற்கப்போகும் பைக்குக்கு ரிங் பிஸ்டன் மாற்றிய செலவு விலையில் திரும்ப வராது. நன்றாகக் கழுவி, செயினைத் துடைத்து ஒயில் விட்டு, எரியாத பல்பைப் போட்டு, ஹோர்ன், சிக்னல் வேலை செய்ய வைத்தால் போதும். மொட்டை டயர் இருந்தால் மலிவான புது டயர் போடாமல் அப்படியே காட்டி விலையில் விட்டுக்கொடுங்கள். புது டயருக்கு நீங்கள் கொடுத்த காசை எடுப்பவர் ஒருபோதும் முழுதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்.

பேப்பரில்தான் உழைக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், அதாவது சிஆர், உங்கள் பெயரில் இருக்கிறதா? முன்பு லீசிங்கில் எடுத்த பைக் என்றால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கும். கடைசித் தவணையைக் கட்டி முடித்தவுடன் அது தானாக நீங்காது. கம்பனியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்து நீக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் பைக் தேடுவதற்கு முன்பே தொடங்குங்கள். வருமான உத்தரவுப் பத்திரமும் காப்புறுதியும் நடப்பில் இருந்தால் பேரம் பேசும்போது கை ஓங்கும். காலாவதியாகிக் கிடந்தால் எதிராளி அதை ஒன்றுக்கு இரண்டாகக் கழிப்பார்.

எங்கே மாற்றுவது

மூன்று வழி உண்டு. புது பைக் விற்கும் முகவர் நிலையத்தில் பழையதைக் கொடுத்து மாற்றுவது தொல்லை குறைந்தது, பழைய பைக்குக்கு விலையும் குறைந்தது. டவுனில் பழைய பைக் வாங்கி விற்கும் பைக் சேல்களில் விலை கொஞ்சம் கூடும், ஆனால் அங்கே நிற்கும் பைக் யாருடையது என்பது சிஆரைப் பார்க்கும்வரை தெரியாது. ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றினால் இரண்டு பேருக்கும் லாபம், சோதிக்கும் பொறுப்பு முழுதும் உங்கள் தலையில்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அதனால் கைமாறும் 150களில் நிறைய 2020க்கு முந்தியவை. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் இஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டே பரிசோதனையைத் தொடங்குங்கள்.

எடுக்கப்போகும் பைக்கைப் பரிசோதித்தல்

வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இஞ்சினைக் கையால் தொடுங்கள். சுட்டால் அவர் உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள், நியாயமான காரணம் இல்லாவிட்டால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள்.

குளிர் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வது மேல்நாட்டில் வழக்கம். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் சோக் இல்லாமல் நின்றுபோனால் காபுரேட்டரில் அடைப்பு அல்லது வால்வ் இடைவெளிக் கோளாறு. சைலன்சரில் இருந்து வெள்ளையாக வந்து காற்றில் கரைவது நீராவிதான், பயப்பட வேண்டாம். நீலப் புகை வேறு. ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப்பென்று நீலம் வந்து தெளிந்தால் வால்வ் சீல், அது சின்ன வேலை. முறுக்க முறுக்க நீலம் தொடர்ந்து வந்தால் ரிங், போர், அதாவது இஞ்சினைப் பிரிக்கும் வேலை. பல்சர் என்எஸ்200 போலத் தண்ணீரால் குளிரும் இஞ்சினில் ஒயில் மூடியைத் திறந்தால் பால் தேநீர் நிறம் தெரிந்தால் குளிர்நீர் ஒயிலோடு கலக்கிறது. அந்தப் பைக்கை விட்டுவிடுங்கள்.

இனிக் கீழே குனியுங்கள். பின் ஸ்பொக்கெட்டின் பின்விளிம்பில் செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்தது. ஸ்பொக்கெட் பல் ஒருபக்கம் சாய்ந்து கொக்கி போல் வளைந்திருந்தாலும் அதே கதை. செயின், முன் பின் ஸ்பொக்கெட் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அந்த விலையை அப்படியே கழியுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை அழுத்தி விடுங்கள். குழாயில் ஒயில் வளையம் படிந்தால் சீல் போய்விட்டது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரம் தரையில் படாதபடி ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பொறியில் விழுவது போல் தடுக்கினால் ஹேண்டில் திரும்பும் பெயரிங்கான கோன் செட் பள்ளம் விழுந்திருக்கிறது. குழி நிறைந்த தோட்டப் பாதையில் ஓடிய பைக்குகளுக்கு இது வழக்கமான நோய். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் ஸ்விங்காம் புஷ் அல்லது பெயரிங்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் கல் மாதிரி இறுகிவிடும், தூறல் விழுந்த பாதையில் பிடிக்காது. டிஸ்க் தட்டில் குறைந்தபட்சத் தடிப்பு பொறித்திருப்பார்கள். விரல் நகத்தால் விளிம்பை வருடினால் மேடு தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் கறுத்திருந்தால் அது தண்ணீரை உறிஞ்சிய பழைய ஒயில். நீண்ட இறக்கத்தில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும், லீவர் பஞ்சு போல் உள்ளே போகும். எல்லவில் இருந்து வெல்லவாய இறங்கும் வழியில் அது நடந்தால் நிலைமை மோசம்.

விழுந்த பைக்கைக் கண்டுபிடிக்க ஹேண்டில் முட்டுப்படும் தடுப்பைப் பாருங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் ஃபிரேமில் உள்ள ஒரு சிறிய இரும்புத் துண்டில் முட்டி நிற்கும். அது நசுங்கியோ, புதிதாக வெல்டிங் வைத்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட பைக். பெயின்ட் எல்லாவற்றையும் மறைக்கும், இந்த இடத்தை யாரும் நினைப்பதில்லை.

கடைசியாக ஓட்டம். தட்டையான டவுன் வீதியில் ஒரு சுற்றுப் போவது பிரயோசனமில்லை. இரண்டு பேராக ஒரு நல்ல ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்றாம் கியரில் 40இல் போகும்போது ஒரேயடியாக முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு வழுக்குகிறது. திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் அக்சலேட்டரை விட்டுவிட்டு வாருங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸ் தேய்மானம், இது மலைப் பாதையில் ஆபத்தும் விலை கூடிய வேலையும். இறங்கி முடிந்ததும் மறுபடி முறுக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கராஜ் பாஸைக் கூட்டிப்போக முடிந்தால் அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

மேல் காசு

பைக் சேலில் உங்கள் பழைய பைக்குக்கு எதிர்பாராத நல்ல விலை சொன்னால், எடுக்கப்போகும் பைக்கின் விலையைப் பாருங்கள், அதுவும் ஏறியிருக்கும். இரண்டு விலையையும் மறந்துவிட்டு நீங்கள் மேலே போட வேண்டிய காசை மட்டும் பேசுங்கள். அந்தத் தொகையோடு செயின் செட், டயர், முதல் சர்வீஸ், காப்புறுதி, பெயர் மாற்றச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மையான விலை.

மேல் காசை லீசிங்கில் போடுவதாக இருந்தால் மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 3 லட்சம் ரூபாய் கடன், 36 மாதம், மாதம் 12,500 என்று ஒரு உதாரணம் எடுப்போம். மொத்தம் 4,50,000 கட்டுகிறீர்கள். வருடத்துக்கு 16 அல்லது 17 சதவீத வட்டி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் முதல் மாதத்தில் இருந்தே முதலும் குறைந்துகொண்டு போவதால் உண்மையான வட்டி வருடத்துக்கு 28 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு தவணை தவறினால் பைக்கைச் சீஸ் பண்ண ஆள் வரும் ஊர் இது. சிறிய தொகை என்றால் சீட்டுப் பிடித்து எடுப்பதே மேல்.

பேப்பர்

“அண்ணே, பேப்பரெல்லாம் பிறகு பார்த்துக்குவோம், நீங்க பைக்க எடுத்துக்கிட்டுப் போங்க” என்று விற்பவர் சொன்னால், “தம்பி, இன்னைக்கே எழுதிருவோம்” என்பதுதான் பதில். கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கை மாறி மாறிப் போகும் ஓப்பன் பேப்பர் பைக் மலையகத்தில் ஏராளம். சிஆரில் உள்ளவரைத் தேடிப்போனால் அவர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்திருப்பார். அப்புறம் அந்தப் பைக்கை உங்கள் பெயருக்கு மாற்றப் பெரும்பாடு.

சிஆரில் உள்ள இஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பைக்கில் பொறித்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அரம் போட்ட அடையாளமோ புதுப் பெயின்டோ இருந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சிஆரில் உள்ள பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா, நிதிக் கம்பனி பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

விற்பவர் நிரப்பிக் கொடுப்பது எம்.டி.ஏ. 6 படிவம், வாங்குபவருடையது எம்.டி.ஏ. 8. மாற்றிக்கொள்ளும்போது நீங்கள் ஒரு பைக்குக்கு விற்பவர், மற்றதற்கு வாங்குபவர், ஆகவே இரண்டு சோடிப் படிவம் வேண்டும். பைக் கைமாறிய 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பழைய பைக்குக்கான எம்.டி.ஏ. 6ஐ நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அனுப்புவார் என்று விட்டால், அவர் ஆறு மாதத்துக்குப் பிறகு யாரையாவது மோதும்போது பொலிஸ் உங்கள் வீட்டுக்கு வரும். கையளித்த திகதி, நேரம், இரண்டு அடையாள அட்டை இலக்கம், மீட்டரில் உள்ள கிலோமீட்டர் எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் போட்ட ஒரு தாளும் கையில் இருக்கட்டும்.

காசு, சாவி, சிஆர், படிவம் நான்கும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

காப்புறுதி இல்லாமல் வீதிக்கு எடுக்க வேண்டாம், முந்தைய உரிமையாளரின் காப்புறுதியை நம்பவும் வேண்டாம். குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி அன்றே எடுங்கள்.

விற்றவர் என்ன சொன்னாலும் இஞ்சின் ஒயில், பிரேக் ஒயில், ஏர் ஃபில்டர், பிளக் நான்கையும் மாற்றுங்கள். இஞ்சின் ஒயிலின் தடிப்பும் அளவும் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும், கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல். பிரேக் ஒயில் எந்த வகை என்று அதன் மூடியிலேயே எழுதியிருக்கும். சத்தம் போடும் சைலன்சர் மாட்டி வந்திருந்தால் கழற்றி கம்பனி சைலன்சரைப் போடுங்கள். பொலிஸ் பிடிப்பது ஒருபுறம் இருக்க, உள்ளே அடைப்பு இல்லாத பைப் கீழ் சுழற்சியில் இழுவையைக் குறைப்பதும் உண்டு, நீங்கள் பைக் மாற்றியதே அந்த இழுவைக்காகத்தான்.

100இல் இருந்து வருபவருக்கு 150இன் எடை முதலில் இறக்கத்தில்தான் தெரியும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் இருந்தால் அதைப் பழைய பைக்கோடு கொடுத்துவிடுங்கள். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடி விட்டுவிடும். வளைவுக்கு முன் நேர்கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு கிழமை பின்னால் ஆள் ஏற்றாமல், தெரிந்த பாதையில் மட்டும் ஓடுங்கள். 500 கிலோமீட்டரில் செயினையும் ஸ்போக், நட் இறுக்கங்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, புது சிஆர் கைக்கு வரும்வரை எல்லா ரசீதுகளின் பிரதியையும் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் வைத்திருங்கள். சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.